திருத்தங்கலில் காணாமல் போன கால் நரம்புகள்

"2008 ஆகஸ்ட் 12, செவ்வாய். திருத்தங்கல். முதல் ப்ரூஃப். எழுத்துப் பிழை இரண்டு. கால் நரம்புகளைக் காணவில்லை."

ஒரு பெரிய ப்ரூஃப் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் நான் எழுதி வைத்த குறிப்பு இது. தாளை நான்காக மடித்து, கடல் தாண்டி எங்கள் ஊரான ஈப்போவுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஈப்போவில் நாங்கள் சிலர் ஒரு சிறிய அறிவியல் கழகம் நடத்துகிறோம். பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்கள். நான் ரயில்வேயில் இருந்தவன். படிப்பதும், படித்ததற்குத் தேதி போட்டு வைப்பதும்தான் இப்போது என் வேலை. தமிழ்ப் பள்ளிகளில் மாட்ட ஒரு சுவர்ப்படம் போடுவது என்று முடிவானது. தலைப்பு, 'நிமிர்ந்து நடந்த மனிதன்'. ஆதி மனிதன் இரண்டு காலில் நடக்கத் தொடங்கியதால் அவன் உடலின் சக்திச் செலவும் இரத்த ஓட்டமும் எப்படி மாறின என்பதுதான் விஷயம். இடப்பக்கம் சக்தி, வலப்பக்கம் இரத்தம். வாசகம் என்னுடையது. ஓவியம் எங்கள் கழகத்து நண்பர் ஒருவருடையது. தமிழில் நல்ல அச்சு வேண்டுமென்றால் சிவகாசிப் பக்கம் போவதுதான் வழக்கம். படத்தைக் கணினி வழியே அனுப்பிவிட்டு, பிழை திருத்த நான் நேரில் கிளம்பினேன்.

திங்கட்கிழமை மாலை விருதுநகரில் இறங்கியதும் பசி. எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடாமல் இந்த ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று விடுதிக்காரர் சொல்லியிருந்தார். எங்கள் ஊர் ரொட்டி சானாய் கல்லில் வெந்து, மெத்தென்று மடிந்து வரும். இங்கே பரோட்டாவை எண்ணெயில் முக்கிப் பொரிக்கிறார்கள். விரலால் குத்தினால் நொறுங்குகிறது. அதன்மேல் சால்னாவை ஊற்றும்போது மழை பெய்த கூரைபோல ஒரு சத்தம்.

"இன்னொண்ணு வைக்கவாய்யா? என்ன, பிச்சுப் பிச்சு வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கீக?" என்றார் பரிமாறியவர்.

"இதைக் கரைக்க எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று யோசிக்கிறேன்."

"எங்கன நடந்தாலும் கரையாது. இன்னொண்ணு சாப்பிடுங்க."

விளையாட்டாகச் சொன்னாலும் அவர் சொன்னதில் உண்மை உண்டு. நம் நடை மிகவும் சிக்கனமானது. ஊன்றிய கால் நேராக நிற்க, உடல் அதன்மேல் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. தலைகீழாக நிறுத்திய ஊசலைப்போல, ஏறும்போது சேர்ந்த சக்தி இறங்கும்போது திரும்பக் கிடைக்கிறது. மடங்கிய முழங்காலோடு நடக்கும் சிம்பன்சியின் தசைகளுக்கு அந்த ஓய்வே கிடையாது. மூச்சை அளந்து பார்த்தவர்கள், எடைக்கு எடை, சிம்பன்சி செலவிடுவதில் ஏறக்குறைய கால் பங்கு நமக்குப் போதும் என்கிறார்கள். மிச்சமான சக்தியில் ஆதி மனிதன் இன்னும் தூரம் போய்க் கிழங்கு தோண்டினான், பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தான் என்பது ஊகம். நல்ல ஊகம் என்றுதான் படத்திலும் எழுதியிருந்தேன்.

மறுநாள் காலை திருத்தங்கலுக்குப் பஸ் ஏறினேன். பட்டாசு சீசன். பஸ் நிறைய சாப்பாட்டுத் தூக்குகள். ஆமத்தூரில் ஏறிய ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னால் இருந்த சக்கர மேட்டின்மேல் இடது காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஐம்பதை நெருங்கும் வயது, இஸ்திரி போட்ட பேன்ட். பார்வைக்கு மரியாதையான ஆள், காலை மட்டும் ஏன் இப்படி நீட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

திருத்தங்கலுக்குச் சற்று முன்னால், இருபுறமும் சீமைக்கருவேலம் மட்டுமே இருந்த இடத்தில், பஸ் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

"எறங்குங்க, எறங்குங்க. வண்டி மண்டையப் போட்டுருச்சு" என்றார் கண்டக்டர்.

"ஏலே, தள்ளுனாப் போகாதா?" என்றாள் ஒரு அம்மாள். அவள் விரல்களில் பட்டாசு மருந்துப்பொடியின் வெள்ளிப் பளபளப்பு போகாமல் ஒட்டியிருந்தது.

"போகும் அத்தே. திருத்தங்கல் வரைக்கும் நீங்க தள்ளணும்."

பின்னால் வந்த பஸ்களில் படிவரை ஆட்கள். ஒன்றும் நிற்கவில்லை. எங்கள் ஊரில் இந்த நேரத்துக்கு மழை இருட்டிக்கொண்டு வந்திருக்கும். இங்கே ஆகஸ்ட் வெயில் காலையிலேயே முதுகைச் சுட்டது.

"இங்கன நிக்கதுக்கு நடந்துறலாம்யா" என்றார் கால் நீட்டியவர். நடந்தோம். என்னைவிட வேகமாக நடந்தார். ஒரு வேப்பமரம் வந்ததும் நான் மூச்சு வாங்க நின்றேன். அவரும் நின்றார். ஆனால் நிற்க முடியவில்லை. குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கினார். பிறகு கல்லில் காலை ஏற்றி வைத்து, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டி, சொறிந்துகொண்டார்.

கெண்டைக்கால் முழுக்க நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்திருந்தது. நடுவில், அதற்குச் சம்பந்தமில்லாமல், அரிவாள் வளைவில் ஒரு பழைய தழும்பு.

"நரம்பு சுருட்டல். நாலு வருசமாச்சு" என்றார். "நடந்தா ஒண்ணுந் தெரியல. நின்னாத்தான் குத்தி எடுக்கு."

"இந்தத் தழும்பு?"

"அது வேற கத. சின்ன வயசுல ராக்கெட்டு."

"மருத்துவரைப் பார்க்கவில்லையா?"

"ஆபரேசங்காக. ஆபரேசன்னா லீவு. லீவுன்னா மிஷினு வேற ஆளு கைக்குப் போயிரும். பெறகு திரும்பி வந்து பேப்பர் அடுக்கச் சொல்லுவாக. நாலு கலர் மிஷின் ஓட்டுனவன் பேப்பர் அடுக்க முடியுமாய்யா?"

எந்த அச்சகம் என்று கேட்டேன். நான் போகிற அதே அச்சகம். அவர் பெயர் செல்லப்பாண்டி. என் படம் ஏறப்போவது அவர் மிஷினில்தான். பேன்ட்டைச் சட்டென்று இறக்கிவிட்டார்.

"அய்யா, இந்தக் கால நீங்க பாக்கல. சரியா?"

"பார்க்கவில்லை" என்றேன்.

அச்சக முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆடிப் பதினெட்டுக்கு வெளியிட்ட, அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை என் முன்னால் விரித்தார். பக்கம் பக்கமாகத் தெய்வங்கள். லட்சுமி எல்லாப் பக்கத்திலும் உட்கார்ந்தே இருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"நின்ன லட்சுமிய யாரும் எடுக்க மாட்டாக அய்யா. நின்னா கெளம்பிருவாளாம். உக்காந்த லட்சுமிதான் ஓடும்."

நிமிர்ந்து நிற்பதைப் பற்றியே ஒரு படம் போட வந்தவன் நான்.

ப்ரூஃபை மேசையில் விரித்தார்கள். நிறம் அபாரம். நண்பரின் ஓவியத்தில் மங்கலாக இருந்த புல்வெளி, சாயங்கால வெயிலில் நிற்பதுபோல வந்திருந்தது. எழுத்தும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆதி மனிதனின் காலைப் பார்த்தேன். மாவு பிசைந்து செய்ததுபோல மழமழவென்று இருந்தது. பாதத்திலிருந்து இதயத்துக்கு இரத்தம் ஏறும் சிரைகளை, இங்கெல்லாரும் நரம்பு என்றே சொல்லும் அவற்றை, நீலக் கோடுகளாக வரைந்து அனுப்பியிருந்தோம். ஒன்றுகூட இல்லை.

படத்தைச் சீர்செய்தவர் மெர்சி. சாத்தூரிலிருந்து தினம் வரும் டிசைனர், முப்பது வயதிருக்கும்.

"அந்த நீலக் கோடுகளாய்யா? எடுத்துட்டேன்லா."

"ஏன் அம்மா?"

"எல்லாத்துக்கும் எடுப்போமே." கணினியில் ஒரு நகைக்கடை முதலாளியின் படத்தைக் காட்டினார். காலண்டருக்காக வந்தது. முன்பு, பின்பு. கழுத்து நரம்பு, புறங்கை நரம்பு, கண்ணுக்குக் கீழே பை, எல்லாம் போய்ப் பத்து வயது குறைந்திருந்தார். "நரம்பு தெரிஞ்சா ஆர்டரே திரும்பிரும். ஒங்க ஆளுக்கு முடிய மட்டும் விட்டேன். ஆதி மனுசன்லா."

கோபம் வரவில்லை. அவ்வளவு நேர்த்தியான கை. ஆனால் அந்தக் கோடுகள்தான் படத்தின் வலப்பாதி. மெர்சி திருத்திய படத்தையே பழைய பெயரில் சேமித்துவிட்டார், மூலப்படம் போய்விட்டது. ஈப்போவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுபடி அனுப்பிய கோப்பு பாதியில் நின்றது, மின்வெட்டு. ஜெனரேட்டர் மிஷினுக்கு மட்டும்தான். மின்சாரம் வந்து, மீண்டும் முயன்று, மீண்டும் நின்றது.

"வியாழன் வரைக்குந்தான் மிஷின் சும்மா கெடக்கும்" என்றார் அண்ணாச்சி. "வெள்ளி சுதந்திர தினம். சனிக்கெழம காலண்டர் ஏறுச்சுன்னா பொங்கல் வரைக்கும் எறங்காது. நரம்பு இல்லாட்டி என்னய்யா? பிள்ளைக பாக்கதுதான?"

பிள்ளைகள் பார்ப்பது என்பதால்தான் இருக்க வேண்டும் என்றேன். மெர்சி, அண்ணாச்சி, பைண்டிங் பிரிவில் தரையில் உட்கார்ந்து தாள் மடிக்கும் பெண்கள், எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினேன். நாலு காலில் நிற்கும் பிராணிக்கு இதயத்துக்கும் தரைக்கும் அதிக உயரமில்லை. எழுந்து நின்றவனுக்கு இதயம் மேலே போய்விட்டது, பாதம் கீழே தங்கிவிட்டது. தலையோ இதயத்துக்கும் மேலே. பாதத்துக்கு இறங்கிய இரத்தம் அவ்வளவு உயரமும் திரும்ப ஏற வேண்டும். சிரைக்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன, மேலே போனதைக் கீழே விடாது. நடக்கும்போது கெண்டைச்சதை சிரையைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. இதயத்துக்குத் துணையாகக் காலுக்குள் ஒரு பம்பு. அசையாமல் நின்றால் பம்பு ஓடாது. இரத்தம் தேங்கும், கதவு தளரும், நரம்பு புடைக்கும்.

"அப்ப எங்க காலு?" என்றாள் ஒரு பெண். "காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மடக்கித்தான் வச்சிருக்கோம்."

"நம்ம காலு வாடகைக்குப் போகாத வீடு மாதிரி, சும்மாதான கெடக்கு" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் மிஷின் பக்கம் பார்க்காமல் இருக்கக் கவனமாக இருந்தேன். கூப்பிடு தூரத்தில் செல்லப்பாண்டி வலது காலில் பாரத்தைப் போட்டு நின்றுகொண்டிருந்தார்.

புதன்கிழமை மெர்சி வரைந்து பார்த்தார். முதலில் வந்தது வாழையிலை நரம்புபோல ஒரே சீராக இருந்தது. அடுத்தது ஆலம்விழுது. "கண்ணால பாத்தா வரைஞ்சிருவேன்யா. நீங்க வாயால சொல்றத வரைய முடியல. ஒரு காலு கெடச்சாப் போதும்" என்றார். எனக்கு ஒரு கால் தெரியும். பார்க்கவில்லை என்று வாக்குக் கொடுத்த கால். சாத்தூர்க் காராச்சேவு மென்றுகொண்டே, நரம்பில்லாமல் அச்சிட ஒப்புக்கொள்வது என்று மனதுக்குள் முடிவெடுத்தேன். ஈப்போவில் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் செல்லப்பாண்டி ப்ரூஃபை எடுத்து, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஓரத்திலிருந்து ஓரம்வரை லென்ஸ் நகர்ந்தது. வலப்பக்க வாசகத்தில் நின்றுவிட்டது. 'நின்றால் தேங்கும், நடந்தால் ஏறும்.'

"அய்யா, இது எல்லா மனுசனுக்குமா?"

"இரண்டு காலில் நிற்கும் எல்லோருக்கும். நிமிர்ந்ததற்கு நாம் கொடுக்கும் விலை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள்."

"எனக்கு மட்டும் வந்த கேடு இல்ல."

"இல்லை."

லென்ஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "என் மிஷின்ல இருந்து பள்ளிக்கூடத்துக்குத் தப்பான படம் போகக் கூடாதுய்யா. அண்ணாச்சி சாப்பிடப் போகட்டும். மூஞ்சி வேண்டாம். முட்டிக்குக் கீழதான். அவர் காதுக்குப் போகவே கூடாது."

சன்னல் ஓரம் ஒரு காகிதக் கட்டின்மேல் ஏறி நின்று பேன்ட்டைச் சுருட்டினார். மெர்சி பென்சிலோடு கிட்டே வந்தார்.

"அண்ணே, எங்க அக்கா நர்சு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"படத்த வரை பாப்பா. நின்னா குத்துது."

இன்னொன்றையும் சரியாகச் செய்ய வேண்டியிருந்தது. புடைத்த நரம்பை ஆதி மனிதன் காலில் ஒட்டினால் அது வேறொரு பொய். ஆதி மனிதனின் எலும்பு கிடைத்திருக்கிறது, முப்பத்தாறு லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் நடந்த காலடிகூடக் கிடைத்திருக்கிறது. நரம்பு கல்லாவதில்லை. ஆகவே நரம்பு போகும் வழியை மட்டும் அவன் காலில் மெல்லிய கோடாக வரையச் சொன்னேன். புடைத்த நரம்போடு முழங்காலுக்குக் கீழே மட்டும் தனியே ஒரு கட்டத்தில்: 'நெடுநேரம் நின்றே வேலை செய்பவரின் கால், இன்று.'

"எதையும் எடுத்துவிடாதீர்கள் அம்மா. இருப்பது இருக்கிறபடி."

"கை பழகிருச்சுய்யா. தன்னால தடவப் போகுது" என்று சிரித்தார். ஆனால் எடுக்கவில்லை. பென்சிலில் அந்த முடிச்சுகள் ஒவ்வொன்றும் விழுந்தபோது, முந்தின நாள் நகைக்கடைக்காரரை இளமையாக்கிய அதே விரல்களா என்று வியந்து நின்றேன்.

வியாழன் காலை மிஷின் ஓடியது. காகிதம் ஒரு பக்கம் வெள்ளையாக நுழைந்து மறுபக்கம் புல்வெளியாக வருவதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அண்ணாச்சி வந்தார், ஒரு தாளை உருவினார், வெளிச்சத்தில் பிடித்தார். புல்வெளியைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கட்டத்தைப் பார்த்தார்.

"யாரு காலு இது?"

கேட்டுவிட்டு மிஷின் பக்கம் திரும்பினார்.

"ஏலே செல்லப்பாண்டி, பேன்ட்டத் தூக்கு."

"என்னத்துக்கு அண்ணாச்சி? ஷீட் ஓடுது."

"தூக்குலே. இது நான் விட்ட ராக்கெட்டு. பாட்டில்ல வச்சு விடச் சொன்னாரு எங்க அய்யா, கேக்காம சாய்ச்சு விட்டது நானு. அந்தத் தழும்பு எனக்குத் தெரியாதா?"

நான் மெர்சியைப் பார்த்தேன். "நீங்கதான எதையும் எடுக்காதன்னீக" என்று முணுமுணுத்தார். தழும்பை நான் நினைக்கவே இல்லை. இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

செல்லப்பாண்டி பேன்ட்டைத் தூக்கினார். அண்ணாச்சி குனிந்து பார்த்தார். நிமிர அவருக்கு நேரம் பிடித்தது.

"எம்புட்டு நாளா?"

"நாலு வருசம்."

"எங்கிட்டச் சொல்லல."

"சொன்னா மிஷின விட்டு எறக்கிருவீக."

"எறக்கத்தான் செய்வேன்." அண்ணாச்சி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாசகத்தை உதடு அசைத்துப் படிப்பது தெரிந்தது. "நின்னா தேங்குமாம், நடந்தா ஏறுமாம். ஒரே எடத்துல கம்பம் மாதிரி நிக்காத. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்ட்டு வா, ஒத்தாசைக்கு ஒரு ஆளு போடுதேன். பொங்கல் முடிஞ்ச மறுநா மதுரைக்கு ஆபரேசனுக்குப் போற. மிஷின் ஒனக்குத்தான்."

"எழுதிக் குடுங்க அண்ணாச்சி" என்றார் மெர்சி.

"எழுதி என்னத்துக்கு?" என்றார் செல்லப்பாண்டி. "ப்ளேட்டுலயே போட்டுருங்க. நாலு கலர்ல அடிச்சு ஊரெல்லாம் ஒட்டுவோம்."

அண்ணாச்சியும் சிரித்தார். பொங்கலுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. சீசன் முடியாமல் அவரால் வேறு எதுவும் சொல்லியிருக்க முடியாது என்பது, அந்த ஊரில் மூன்று நாள் இருந்த எனக்கே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை கிளம்பினேன். அண்ணாச்சி பால்கோவா கொடுத்தனுப்பினார். பஸ் ஜன்னல் வழியே, எட்ட எட்ட நின்ற வெள்ளைப் பட்டாசுக் கொட்டகைகளுக்கு மேலே, பட்டப்பகலில் யாரோ ஒரு ராக்கெட்டைச் சோதித்துப் பார்த்தார்கள். அது நேராகத்தான் போனது.

படம் இப்போது எங்கள் வட்டாரத்துத் தமிழ்ப் பள்ளிகளில் தொங்குகிறது. பிள்ளைகள் புல்வெளியைவிட்டு அந்தக் கட்டத்திலேயே விரல் வைக்கிறார்கள், தழும்பு என்ன என்று கேட்கிறார்கள். ராக்கெட் என்று சொன்னால் நம்புவதில்லை.

2009 பிப்ரவரியில் மெர்சி மின்னஞ்சல் அனுப்பினார்: 'அண்ணன் மதுரைக்குப் போய் வந்துவிட்டார் என்று சொல்கிறார்கள். நான் இப்போது வேறு அச்சகத்தில்.' சொல்பவர்கள் யார் என்று எழுதவில்லை. அதனால் நேரே செல்லப்பாண்டியைத் தொலைபேசியில் அழைத்தேன். காலண்டர் எப்படி ஓடியது என்று நெடுநேரம் சொன்னார்.

"கால் எப்படி இருக்கிறது?" என்றேன்.

"எந்தக் காலு? நீங்கதான் பாக்கலன்னீகளே அய்யா!" என்று சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்ததா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை. அவர் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் பின்னால் மிஷின் ஓடியது. அவர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வருவதுபோல, அதன் சத்தம் ஒரு தரம் பெரிதாகி, ஒரு தரம் தேய்ந்து, மறுபடி பெரிதானது. அதை மட்டும் நானே கேட்டேன்.